பதவி மறுக்கப்பட்ட மறுநாள் அவர்கள் என்ன செய்தார்கள்?

பதிவு 1 | தாழம்பூ | கோயம்புத்தூர்

அனைவருக்கும் வணக்கம். பம்புசெட் தயாரிக்கும் நிறுவனமொன்றின் வடிவமைப்புப் பிரிவில் பதினாறு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். வரும் மார்ச் 8 அன்று எங்கள் பெண் ஊழியர்களிடையே நாற்பது நிமிடம் பேச வேண்டும் என்று மனிதவளத் துறையினர் கேட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்க, கறுப்பினப் பெண் ஆளுமைகளின் பணிவாழ்வும் தலைமைத்துவமும் என்பது அவர்களே கொடுத்த தலைப்பு. படிக்கக் கிடைத்தவற்றில் பெரும்பகுதி பொன்மொழிகளாகவே இருக்கின்றன. எனக்குத் தேவைப்படுவதோ, ஒரு கதவு அடைக்கப்பட்ட மறுநாள் காலையில் அந்தப் பெண் எழுந்து எங்கே போனார், யாரிடம் என்ன கேட்டார், கையில் எவ்வளவு பணம் இருந்தது என்பன போன்ற விவரங்கள். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருமுறை விடுபட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது.

என் பங்குக்கு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். கென்யாவின் வங்காரி மாத்தாய் அமெரிக்காவில் உயிரியல் முதுநிலைப் படிப்பை முடித்துக்கொண்டு 1966-இன் தொடக்கத்தில் நைரோபிக்குத் திரும்பினார். அங்குள்ள பல்கலைக்கழகக் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர் ஒருவரின் ஆராய்ச்சி உதவியாளர் பணி அவருக்கு எழுத்து மூலமாகவே உறுதியளிக்கப்பட்டிருந்தது. கடிதத்தோடு போய் நின்றபோது, அந்த இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது என்றார்கள். தாம் பெண் என்பதும், அந்தப் பேராசிரியரின் இனக்குழுவைச் சேராதவர் என்பதுமே காரணம் என்று மாத்தாய் கருதினார். சில மாதங்கள் வேலை தேடி அலைந்த பிறகு, ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ராய்னோல்டு ஹோஃப்மன் என்ற பேராசிரியர் கால்நடை உடற்கூறியல் துறையில் அவரைச் சேர்த்துக்கொண்டார். விலங்கியல் கேட்டுப் போனவருக்குக் கிடைத்தது, திசுக்களை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கும் வேலை. அதே துறையில் 1971-இல் முனைவர் பட்டம் பெற்றார். கிழக்கு, மத்திய ஆப்பிரிக்காவில் அப்பட்டத்தைப் பெற்ற முதல் பெண் அவர்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹோஃப்மன் அந்த ஆண்டு நைரோபியில் இல்லாமற்போயிருந்தால்? தற்செயலைப் பாடமாக எப்படிச் சொல்லிக் கொடுப்பது?


பதிவு 2 | விதைநெல் | திருவண்ணாமலை

தாழம்பூ அம்மா அவர்களுக்கு, வேளாண் விரிவாக்கப் பணியில் முப்பத்தொரு ஆண்டுகள் கழித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், மாத்தாயின் வாழ்க்கையில் நான் திரும்பத் திரும்பப் படிக்கும் பகுதி உங்கள் பகுதிக்குப் பிந்தையது.

அவர் முதலில் தொடங்கியது மரம் நடும் ஒரு சிறு நிறுவனம். என்வைரோகேர் என்பது அதன் பெயர். பணமில்லாமல் அது நின்றுபோனது. அதன்பின் கென்யப் பெண்கள் தேசிய மன்றத்தின் வழியாக அதே எண்ணத்தை மீண்டும் எடுத்தார். 1977 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, நைரோபியின் கமுகுஞ்சி திடலில் ஏழு மரக்கன்றுகள் நடப்பட்டன. பசுமை வளைய இயக்கத்தின் தொடக்கமே அந்த ஏழு கன்றுகள்தாம். விறகில்லை, நல்ல தண்ணீரில்லை, பிள்ளைகளுக்குச் சத்தான உணவில்லை என்று கிராமத்துப் பெண்கள் மன்றக் கூட்டங்களில் சொல்லி வந்ததை அவர் ஒரே கேள்வியாகச் சுருக்கியிருந்தார்: மரம் இருந்தால் இவற்றில் எத்தனை தீரும்?

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த இடம். கென்யாவின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ ஒன்றரைக் கோடி. ஆளுக்கொரு மரம் என்று அவர் கணக்குச் சொன்னபோது வனத்துறைத் தலைவர் சிரித்துவிட்டு, வேண்டிய கன்றுகளை இலவசமாகவே எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். ஓராண்டுக்குள் பெண்கள் வாங்கிய கன்றுகளின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, இனி விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்று அவரே சொல்ல வேண்டியதாயிற்று. அரசு நாற்றங்காலை நம்ப முடியாது என்று தெரிந்ததும் பெண்களே நாற்று வளர்க்கட்டும் என்று முடிவாயிற்று. பயிற்சி கொடுக்க வந்த வன அலுவலர்கள் நிலத்தின் சரிவு, சாய்வுக்கோணம், சிறப்புக் கருவிகள் என்று பேச, பெண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பயறும் சோளமும் விதைத்து வளர்த்தவர்களுக்கு மர விதை மட்டும் ஏன் வேறாக இருக்க வேண்டும் என்று மாத்தாய் கேட்டார். பிறகு அவர்கள் உடைந்த பானைகளில் மண்ணிட்டு விதைத்து, கோழியும் ஆடும் எட்டாத உயரத்தில் தூக்கி வைத்து முளைக்க விட்டார்கள். தங்களைப் பட்டயமில்லாத வனவியலாளர்கள் என்று அழைத்துக்கொண்டார்கள்.

ஊதியத்தையும் கவனியுங்கள். நட்ட கன்றுக்குக் காசு கிடையாது. பிழைத்த கன்றுக்கு மட்டுமே ஒவ்வொன்றுக்கும் அமெரிக்கக் காசில் நாலு சென்ட். நான் பணியாற்றிய திட்டங்களில் நாங்கள் எண்ணியது வழங்கிய கன்றுகளை. விழா முடிந்த மாலையில் அவற்றுள் பாதி சாலையோரப் பள்ளத்தில் கிடந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்; ஆனாலும் அறிக்கையில் முழு எண்ணிக்கைதான் போகும். எதை எண்ணுகிறோமோ அதைத்தான் ஊழியர்கள் உற்பத்தி செய்வார்கள் என்பதை அந்த அம்மையார் 1970-களிலேயே தெரிந்து வைத்திருந்தார். 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசை அறிவித்தபோது மூன்று கோடி மரங்கள் என்றார்கள். அந்த எண்ணிக்கை நம்பத்தக்கதாக எனக்குப் படுவதற்கு நாலு சென்ட் கணக்குதான் காரணம்.

தற்செயலைப் பற்றிக் கேட்டீர்கள். 1982-இல் நாடாளுமன்றத் தொகுதியொன்றின் இடைத்தேர்தலில் நிற்பதற்காக அவர் பல்கலைக்கழகப் பணியிலிருந்து விலகினார். வாக்காளர் பட்டியலில் பெயர் புதுப்பிக்கப்படவில்லை என்ற காரணம் காட்டி வேட்புமனுவை ஏற்கவில்லை. திரும்பிப் போனால், உங்கள் இடத்தில் வேறொருவரை நியமித்தாயிற்று என்றது பல்கலைக்கழகம். குடியிருப்பையும் காலி செய்யச் சொன்னது. நாற்பத்திரண்டு வயது, மூன்று பிள்ளைகள், மணவிலக்கு ஆனவர், சம்பளம் இல்லை. அந்தச் சமயத்தில் நார்வே வனச் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் கூட்டாளி தேடிக்கொண்டு வந்தார். அவர் வந்தது தற்செயல்தான். ஆனால் அவர் வந்தபோது, ஐந்தாண்டுகளாக அரைகுறையாகவேனும் ஓடிக்கொண்டிருந்த ஓர் இயக்கம் காட்டுவதற்கு இருந்தது. அதை உண்டாக்கியது தற்செயல் அன்று.


பதிவு 3 | இரவுப்பணி | சென்னை

விதைநெல் ஐயாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் நிரலாளர், எங்கள் துறையில் இப்போது எல்லாருடைய நாவிலும் இருக்கும் அச்சம், நம் வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ளுமா என்பது. ஆகவே டோரத்தி வானைச் சேர்த்துக்கொள்ளும்படி தாழம்பூ அக்காவைக் கேட்டுக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பள்ளியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த வான், 1943-இன் இறுதியில் லாங்லி வானூர்தி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். பாதுகாப்புத் தொழில்களில் இனப்பாகுபாடு கூடாது என்று 1941-இல் அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையும் போர்க்கால ஆள்பற்றாக்குறையும் சேர்ந்து திறந்த வழி அது. கணிப்பாளர்கள் என்றால் கையால் கணக்கிடுவோர்; அவர்களுள் கறுப்பினப் பெண்களை மேற்குப் பிரிவு என்று தனியே அமர்த்தினார்கள். உணவுக்கூடத்தில் அவர்கள் உட்கார வேண்டிய மேசையில், நிறத்தைக் குறிப்பிட்டு ஓர் அட்டை வைக்கப்பட்டிருக்கும். மிரியம் மான் என்ற கணிப்பாளர் அந்த அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார். சில நாளில் புதிய அட்டை முளைக்கும். அதையும் எடுத்துவிடுவார். கடைசியில் அட்டை வைப்பவர்கள் ஓய்ந்துபோனார்கள்.

பிரிவின் வெள்ளையின மேற்பார்வையாளர் இறந்தபின் அந்தப் பொறுப்பை வான் பார்த்தார். 1949-இல் தலைவர் பதவி கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் மின்னணுக் கணினிகள் வந்தபோது, கையால் கணக்கிடுவோரின் காலம் முடிகிறது என்பதை அவர் பிறருக்கு முன்பே கண்டுகொண்டார். ஃபோர்ட்ரான் என்ற கணினி நிரல்மொழியைத் தாமே கற்றார். தம்மிடம் பணியாற்றிய பெண்களுக்கும் கற்பித்தார். 1958-இல் லாங்லி நாசாவின் பகுதியாகித் தனிப்பிரிவு கலைக்கப்பட்டபோது, அவரும் அவர் கற்பித்தவர்களும் நிரலாளர்களாக வேலையில் நீடித்தார்கள்.

தாம் மட்டும் கற்றுக்கொண்டு தப்பித்திருக்கலாம் அல்லவா? அவர் அப்படிச் செய்யவில்லை என்பதைத்தான் நான் பாடமாக எடுத்துக்கொள்கிறேன். எங்கள் அலுவலகத்தில் புதிய கருவியைக் கற்றவர் அதைப் பக்கத்து இருக்கைக்காரருக்குக் காட்டாமல் திரையைச் சற்றுத் திருப்பி வைத்துக்கொள்வதை நான் அன்றாடம் காண்கிறேன்.


பதிவு 4 | தாழம்பூ | கோயம்புத்தூர்

தம்பி, நன்றி. ஆனால் ஒரு வரியை விட்டுவிட்டீர்கள். தனிப்பிரிவு கலைந்தபின் 1971-இல் ஓய்வு பெறும் வரை வானுக்கு மேலாளர் பதவி மீண்டும் கிடைக்கவே இல்லை. பிரிவினை ஒழிந்தது நல்லதுதான். அதோடு, கறுப்பினப் பெண் ஒருவர் தலைவராக இருக்க முடிந்த ஒரே நாற்காலியும் ஒழிந்தது. என் கூட்டத்திற்கு வரப்போகும் பெண்களிடம் இதைச் சொல்லாமல் மறைத்தால், கற்றால் உயர்வு நிச்சயம் என்று பொய் சொன்னவள் ஆவேன்.

அதே லாங்லியில் மேரி ஜாக்சன் செய்ததும் எனக்கு முழுதாக விளங்கவில்லை. வெள்ளையர் பள்ளியில் நடந்த மாலை வகுப்பில் சேர நகர நிர்வாகத்திடம் மனுப்போட்டு அனுமதி பெற்று, 1958-இல் பொறியாளரானவர் அவர். இருபது ஆண்டுகளுக்குப் பின், மேலே போக வழியில்லை என்று கண்டபோது, 1979-இல் தம் நிலையைத் தாமாகவே குறைத்துக்கொண்டு, பெண்களின் பணி நியமனமும் பதவி உயர்வும் தொடர்பான அலுவலகத்திற்கு மாறினார். தியாகம் என்று கைதட்டி முடித்துவிடலாம். ஆனால் கூட்டத்தில் எந்தப் பெண்ணிடமும் நீயும் அப்படிச் செய் என்று சொல்ல எனக்கு நா எழாது.


பதிவு 5 | நூலகவாசி | யாழ்ப்பாணம்

போரைக் கண்ட ஊரிலிருந்து எழுதுகிறேன். ஆதலால் என் மனம் லைபீரியாவுக்கே போகிறது. அலுவலகப் பதவி பற்றிய இழையில் தெருப்போராட்டத்தைக் கொண்டுவருவது பொருந்துமா என்று தயங்கினேன். தலைமைத்துவம் என்ற சொல் தலைப்பில் இருப்பதால் துணிகிறேன்.

லேமா போவி 2003-இல், உள்நாட்டுப் போருக்கு நடுவே, தலைநகர் மன்ரோவியாவில் பெண்களைத் திரட்டியபோது அவரிடம் அரசுப் பதவி ஏதும் இல்லை. கிறித்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் வெள்ளை டி-சர்ட்டும் வெள்ளைத் தலைத்துணியும் அணிந்து, அதிபர் சார்லஸ் டெய்லரின் வாகன வரிசை கடந்து போகும் சாலையோரத்தில், மீன் சந்தைத் திடலில், வெயிலிலும் மழையிலும் நாள்தோறும் உட்கார்ந்தார்கள். நகையில்லை, அலங்காரமில்லை. யார் ஆட்சிக்கு வர வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. கேட்டது அமைதி ஒன்றையே. ஏழெட்டுக் கோரிக்கைகளை அடுக்கியிருந்தால் அவற்றுள் ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றவற்றைத் தள்ளிப்போட்டிருப்பார்கள். கூட்டணியும் மத வழியிலோ கட்சி வழியிலோ பிளந்திருக்கும்.

பேச்சுவார்த்தை கானாவின் அக்ராவுக்கு மாறியது. போராளிக் குழுக்களின் பிரதிநிதிகள் விடுதி வசதியில் வாரக்கணக்காக இழுத்தடித்துக்கொண்டிருக்க, மன்ரோவியாவில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. ஜூலையில் பெண்கள் கூட்ட அரங்கின் வாயிலில் கைகோத்து உட்கார்ந்து, உள்ளே இருப்பவர்களை வெளியே விட மறுத்தார்கள். காவலர்கள் கைது செய்ய வந்தபோது, போவி தம் ஆடையைக் களைந்துவிடுவேன் என்று எழுந்தார். மேற்கு ஆப்பிரிக்க வழக்கில், தாய் நிலையிலுள்ள பெண் வேண்டுமென்றே ஆடை களைவதைக் காண்பது ஆண்களுக்குக் கொடிய சாபம். நடுவராக இருந்த நைஜீரியாவின் முன்னாள் அதிபர் அப்துல்சலாமி அபூபக்கர் வெளியே வந்து சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. ஆகஸ்டு 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. டெய்லர் பதவியை விட்டு வெளியேறியதற்கு வேறு நெருக்குதல்களும் இருந்தன என்பது உண்மை. ஆனாலும் அந்த வாயிலில் உட்கார்ந்தவர்களை நீக்கிவிட்டு அந்த ஆண்டின் வரலாற்றை எழுத முடியாது.


பதிவு 6 | கணக்குப்பிள்ளை | மதுரை

எல்லாரும் ஒரே குரலில் போற்றிக்கொண்டிருப்பதால் எதிர்க்குரல் ஒன்று இருக்கட்டும். நூலகவாசி ஐயா போவியைச் சொன்னார். அவரோடு 2011-இல் அமைதி நோபலைப் பகிர்ந்துகொண்ட எலன் ஜான்சன் சர்லீஃபைச் சொல்லவில்லை. 2005 தேர்தலில் வென்று, ஆப்பிரிக்காவில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண் நாட்டுத் தலைவரானவர். ஏட்டளவில் அவரளவுக்குத் தகுதியுடையவர் அரிது: நிதியமைச்சர், வங்கியாளர், உலக வங்கி, ஐக்கிய நாடுகள் அமைப்பு. 1980 இராணுவப் புரட்சிக்குப்பின் அமைச்சர் பலரைக் கடற்கரையில் நிறுத்திச் சுட்டபோது உயிர்தப்பிய சிலருள் ஒருவர். 1985-இல் ஆட்சியை விமர்சித்ததற்காகப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டவர். அதிபரானபின், நாட்டின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த வெளிநாட்டுக் கடனில் பெரும்பகுதியை 2010-க்குள் தள்ளுபடி செய்ய வைத்தார். இருளில் கிடந்த மன்ரோவியாவின் சில தெருக்களில் 2006 ஜூலையில் விளக்கெரிந்ததும் அவர் காலத்தில்தான்.

ஆனால் ஏட்டின் மறுபக்கம் என்ன சொல்கிறது? அவர் ஆட்சியில் குடும்பத்துப் பிள்ளைகளுள் ஒருவர் அரசு எண்ணெய் நிறுவனத்தின் தலைமையிலும், ஒருவர் மத்திய வங்கியின் துணை ஆளுநராகவும், ஒருவர் தேசியப் பாதுகாப்பு அமைப்பின் தலைவராகவும் இருந்தார்கள். போரின் தொடக்கத்தில் டெய்லருக்கு ஆதரவளித்ததற்காக, உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2009-இல் அவரை முப்பதாண்டுகள் பொதுப்பதவியிலிருந்து விலக்கிவைக்கப் பரிந்துரைத்தது. அவர் மன்னிப்புக் கேட்டார். பரிந்துரை நடைமுறைக்கு வரவில்லை. பரிசைப் பகிர்ந்துகொண்ட போவியே 2012-இல் நல்லிணக்கக் குழுத் தலைமையிலிருந்து விலகி, பிள்ளைகளின் நியமனத்தை வெளிப்படையாகக் கண்டித்தார்.

முப்பது ஆண்டுகள் தணிக்கைப் பணியில் இருந்தவன் நான். வரவை மட்டும் படித்துவிட்டுச் செலவுப் பக்கத்தை ஒட்டி மூடிவைப்பது எங்கள் தொழிலில் குற்றம்.


பதிவு 7 | நூலகவாசி | யாழ்ப்பாணம்

கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் வரவுப் பக்கத்தில் இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும். 2012-இல் சொத்து விவரம் தாக்கல் செய்யாத அதிகாரிகள் நாற்பதுக்கும் மேற்பட்டோரைச் சர்லீஃப் இடைநீக்கம் செய்தபோது, மத்திய வங்கியிலிருந்த தம் மகனையும் சேர்த்தே செய்தார். 2018 ஜனவரியில், 2005-இல் தாம் தோற்கடித்த ஜார்ஜ் வெயாவிடமே ஆட்சியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். எழுபதாண்டுகளுக்கு மேலாக அந்நாடு காணாத அமைதியான கைமாற்றம் அது. பதவியை விட்டு இறங்குவதும் தலைமைத்துவத்தின் பகுதி என்றால், அந்தத் தேர்வில் அவர் தேறியவரே.

எனினும் என்னை யோசிக்க வைப்பது போவியின் நிலை. பரிசு பெற்ற மறு ஆண்டே, தம் நாட்டின் அதிபரும் தம்மோடு பரிசு பெற்றவருமான மூத்த பெண்மணியை ஊரறியக் கண்டிப்பது எளிதன்று. பெண்ணுக்குப் பெண் விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற பேச்சு அங்கேயும் எழுந்திருக்கும்.


பதிவு 8 | மட்டுறுத்துநர்

உள்நாட்டுக் கட்சித் தலைவர்களின் பிள்ளைகள் பற்றி வந்த மூன்று பதிவுகள் வேறு இழைக்கு மாற்றப்பட்டுள்ளன. இங்கே தலைப்போடு நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.


பதிவு 9 | சுங்குடி | திண்டுக்கல்

மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பில் கணக்கு எழுதுபவள் நான். அமைச்சர், அதிபர் என்று பேச்சு உயரத்திலேயே நிற்கிறது. சந்தையில் உட்கார்ந்து தொடங்கியவர்களையும் சேருங்கள், தாழம்பூ அக்கா.

கானாவின் எஸ்தர் ஒக்லூ, அச்சிமோட்டா பள்ளியில் படித்து முடித்து, 1942-இல் உறவினர் கொடுத்த பத்து ஷில்லிங்கில் ஆரஞ்சும் சர்க்கரையும் பாட்டில்களும் வாங்கி, மார்மலேட் என்னும் பழப்பாகு காய்ச்சித் தெருவில் கூவி விற்றார். பெரிய பள்ளியில் படித்த பெண் தெருவில் விற்கிறாளே என்று உடன் படித்தவர்கள் கேலி செய்தார்கள். ஒரு டஜன் பாட்டிலும் ஒரு மணி நேரத்தில் தீர்ந்தன. அடுத்து அவர் செய்ததைத்தான் எங்கள் குழுப் பெண்களிடம் நான் விரித்துச் சொல்வேன்: தாம் படித்த பள்ளிக்கே போய், உங்கள் விடுதிக்கு வாரந்தோறும் நான் தருகிறேன் என்று கேட்டு ஒப்பந்தம் பெற்றார், பிறகு இராணுவத்துக்கும் வழங்க ஒப்பந்தம் கிடைத்தது. அந்தத் தாளைக் காட்டித்தான் வங்கியில் கடன் வாங்கினார். அடகு வைக்க நிலமில்லாத பெண்ணிடம், வாங்குவதற்கு ஆள் இருக்கிறது என்ற தாளே அடகாகிவிட்டது. பின்னர் அதே பள்ளியின் உதவியோடு இங்கிலாந்து சென்று உணவுப் பதப்படுத்தல் கற்றுத் திரும்பினார். நுகுலேனு என்ற அவருடைய தொழிலகம் இன்றும் அறியப்பட்ட பெயர்.

1975-இல் மெக்சிகோவில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டில் பிறந்த எண்ணத்தின்படி, ஏழைப் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கச் செய்யும் விமன்ஸ் வேர்ல்டு பேங்கிங் அமைப்பு 1979-இல் உருவானது. அதை நிறுவியவர்களுள் ஒருவரும் முதல் தலைவரும் ஒக்லூதான். நிறுவியவர்களுள் இன்னொருவர் அகமதாபாத்தின் இலா பட். கானாவில் சூசூ என்ற பெயரில் நம் ஊர்ச் சீட்டைப் போலவே அன்றாடச் சேமிப்பு வழக்கம் உண்டு. தெருவோரத்தில் சோறு விற்கும் பெண் அலுவலகப் பெண்ணைவிட மிகுதியாகச் சம்பாதித்தாலும் அவளை ஒருவரும் பொருட்டாக மதிப்பதில்லை என்று ஒக்லூ வருந்துவாராம். அக்ராவில் சொன்னது திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு அப்படியே பொருந்துகிறது.

இன்னும் முந்தையவர் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் ரிச்மண்டில், சலவைத் தொழில் செய்த தாய்க்குப் பிறந்த மேகி லீனா வாக்கர், 1899-இல் புனித லூக்கா சங்கம் என்ற கறுப்பினத்தவரின் பரஸ்பர உதவிச் சங்கத்தின் பொறுப்பை ஏற்றபோது, இருப்பில் இருந்தது 31 டாலர் 61 சென்ட். கட்ட வேண்டிய பாக்கியோ பன்மடங்கு. வங்கி தொடங்குவது என்று முடிவு செய்ததும், ஊரிலிருந்த வெள்ளையர் வங்கியொன்றில் நாளுக்குச் சில மணி நேரம் போய் உட்கார்ந்து பேரேடு எழுதுவது முதல் கற்றுக்கொண்டார். 1903-இல் பென்னி சேமிப்பு வங்கி திறந்தது. அமெரிக்காவில் வங்கி தொடங்க உரிமம் பெற்ற முதல் பெண்களுள் ஒருவர் அவர். பிள்ளைகளுக்குச் சிறிய அட்டைப்பெட்டி கொடுத்து, காசு சேர்ந்து ஒரு டாலர் ஆனதும் கணக்குத் திறக்கச் சொன்னார். பெருமந்தக் காலத்தில் வங்கிகள் வரிசையாக மூழ்கியபோது, வேறிரண்டு கறுப்பின வங்கிகளோடு தம் வங்கியை இணைத்துக் காப்பாற்றினார். இணைப்பில் வங்கியின் பழைய பெயர் போயிற்று. வைத்தவர்களின் பணம் போகவில்லை.

உண்டியலில் 31 டாலர் இருந்த நாளில் அவர் பதவியை ஏற்காமல் விட்டிருக்கலாம். நடந்துகொண்டிருக்கும் அமைப்பைப் பெண்ணிடம் ஒப்படைப்பதே அது மூழ்கும் வேளையில்தான் என்பது எங்கள் கூட்டமைப்பிலும் காண்பதுதான்.


பதிவு 10 | கணக்குப்பிள்ளை | மதுரை

சுங்குடி அம்மாவின் பதிவுக்கு முன் என் எதிர்க்குரல் சற்று அடங்குகிறது. எனக்குப் பிடித்த ஒருவரைச் சொல்லிவிடுகிறேன். வரவுப் பக்கத்தில் எழுதவும் எனக்குத் தெரியும்.

நைஜீரியாவின் ந்கோசி ஒகோன்ஜோ-இவேலா 2003-இல் நிதியமைச்சரானபோது செய்தவற்றுள் கடன் தீர்வைத்தான் எல்லாரும் சொல்வார்கள்: பாரிஸ் கடனளிப்போர் குழுவுக்கு நைஜீரியா தர வேண்டியிருந்த ஏறத்தாழ 3,000 கோடி டாலரில் 1,800 கோடி 2005 உடன்பாட்டில் தள்ளுபடியானது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. கூட்டாட்சி அரசிலிருந்து எந்த மாநிலத்துக்கும் எந்த உள்ளாட்சிக்கும் எவ்வளவு பணம் போகிறது என்ற பட்டியலை மாதந்தோறும் செய்தித்தாள்களில் வெளியிடச் செய்தார். அந்த நாளிதழ்களை மக்கள் தேடி வாங்கினார்கள். பள்ளிக்கூரைக்குப் பணம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவரிடம், வந்த தொகையைச் சுட்டிக்காட்ட ஊராருக்கு வழி கிடைத்தது. ஒருவரையும் திருடர் என்று அவர் சொல்லவில்லை; எண்ணை மட்டும் வெளியே வைத்தார்.

விலையும் கொடுத்தார். தொல்லை என்று பொருள்படும் வஹாலா என்ற சொல்லைச் சேர்த்து ஒகோன்ஜோ-வஹாலா என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். 2006-இல் நிதித்துறையிலிருந்து வெளியுறவுக்கு மாற்றப்பட்டபின் சில வாரங்களில் விலகினார். மீண்டும் நிதியமைச்சரான காலத்தில், எரிபொருள் மானிய முறைகேடுகளைத் தடுக்க அவர் முனைந்திருந்தபோது, 2012 டிசம்பரில் எண்பத்திரண்டு வயதுத் தாயைக் கடத்திச் சென்றார்கள். ஐந்து நாள் கழித்தே அவர் மீண்டார். மகள் பதவியை விடவில்லை. 2021 மார்ச் முதல் உலக வணிக அமைப்பின் தலைமை இயக்குநராக இருக்கிறார்.


பதிவு 11 | இரவுப்பணி | சென்னை

பெருநிறுவன அலுவலகத்துக்கு உள்ளேயே நடந்த ஒன்று வேண்டுமென்றால் அர்சுலா பர்ன்ஸ். நியூயார்க்கின் அரசுக் குடியிருப்பில், துணி தேய்த்தும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டும் குடும்பம் நடத்திய தாயிடம் வளர்ந்தவர். 1980-இல் ஜெராக்ஸில் கோடைக்காலப் பயிற்சியாளராகச் சேர்ந்து, 2009-இல் அதன் தலைமைச் செயல் அதிகாரியானார். பெரும் அமெரிக்க நிறுவனமொன்றுக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினப் பெண். இடையில் ஒரு கூட்டம். புதிதாக ஆள் எடுப்பதில்லை என்று தலைவர் பால் அலேர் ஒவ்வொரு மாதமும் அறிவிக்கிறார். ஒவ்வொரு மாதமும் ஆயிரம் பேர் சேர்க்கப்படுகிறார்கள். பர்ன்ஸ் கையை உயர்த்தி, எடுப்பதில்லை என்று நீங்கள் சொல்லியும் எடுக்கிறார்களே, அப்படியானால் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இங்கே யாருக்குத்தான் இருக்கிறது என்று கேட்டார். பிறகு அலேர் அவரை அழைத்துத் தம் செயல் உதவியாளராக்கிக்கொண்டார்.

எங்கள் மேலாளரிடம் இப்படிக் கேட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஆண்டறிக்கையில் நடத்தை சரியில்லை என்று ஒரு வரி விழும். ஆகவே அலேரையும் சேர்த்தே சொல்லுங்கள், அக்கா. கூட்டத்துக்கு மேலாளர்களும் வருவார்கள் அல்லவா?


பதிவு 12 | தாழம்பூ | கோயம்புத்தூர்

வருகிறார்கள், முன்வரிசையில் அவர்களுக்கு நாற்காலி போட்டாயிற்று. நாற்பது நிமிடத்தில் நான்கு பேருக்குத்தான் இடமிருக்கும். மாத்தாயின் நாலு சென்ட், வான் கற்பித்த ஃபோர்ட்ரான், ஒக்லூ வங்கியில் காட்டிய தாள், ஒகோன்ஜோ-இவேலா வெளியிட்ட பட்டியல் என்று முடிவு செய்திருக்கிறேன். சர்லீஃபை விட்டதற்குக் கணக்குப்பிள்ளை ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். அவரைப் பத்து நிமிடத்தில் சொன்னால் ஒரு பக்கம்தான் சொல்ல முடியும். பட்டியல் விவகாரத்தைப் படித்த அன்று இரவு, பதவி உயர்வுக்கான மதிப்பெண் எந்த அளவுகோல்களின்படி போடப்படுகிறது என்பதை எழுத்து மூலம் தரும்படி மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.

ஒரு சிறு சங்கதி. அழைப்பிதழ் அச்சாகி வந்தபோது வங்காரி மத்தாய் என்றிருந்தது. கேரளத்துப் பெயர் என்று எண்ணி அச்சகத்தார் திருத்திவிட்டார்களாம். ஒரு துணைக்கால்தானே, யார் கவனிக்கப் போகிறார்கள் என்றார் துறை அலுவலர். 1979-இல் மணவிலக்கு ஆனபின், தம் குடும்பப் பெயரை இனி அவர் வைத்துக்கொள்ளக் கூடாது என்று கணவர் வற்புறுத்தினார். படிப்பும் பணியும் எல்லாம் அந்தப் பெயரிலேயே இருந்ததால், அதை விடாமல் நடுவில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டு மத்தாயை மாத்தாயாக்கிக்கொண்டவர் அந்த அம்மையார். மறுபடி அச்சடிக்க நேரமில்லை. உணவு இடைவேளையில் எங்கள் பிரிவுப் பெண்கள் இருவரும் நானுமாக உட்கார்ந்து, அறுபத்து நான்கு அழைப்பிதழிலும் அந்தக் காலைப் பேனாவால் போட்டோம். எதற்கு இந்தப் பாடு என்று அவர்கள் கேட்டார்கள், சொன்னேன். மையின் நிறம்தான் ஒத்துப்போகவில்லை.